வேனின் பின்கதவு இறுகிக்கொண்டபோது

வேனின் பின்கதவு திறக்கவில்லை என்றால் சுற்றி நிற்பவர்கள் அத்தனை பேரும் சொல்வது ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்துப் பாருங்கள். கானாடுகாத்தானில் எங்கள் வண்டியைச் சூழ்ந்தவர்களும் அதையே சொன்னார்கள். சைக்கிளில் போன பால்காரர் இறங்கிவந்து சொன்னார். டீக்கடையில் இருந்தவர் கிளாசைக் கையில் பிடித்தபடியே வந்து சொன்னார். கடைசியில் அந்தக் கதவு திறந்தது, அதை உள்பக்கமாகத் தள்ளியபோதுதான்.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சுற்றுலாக்காரர்களை ஏற்றிச் செல்லும் ரகத்து வேன். பின்னால் அலமாரிபோல இரண்டு பக்கமும் திறக்கும் இரட்டைக் கதவு. எங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்தி வீடாக மாற்றியிருந்தார். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி அந்த மாற்றத்துக்கு ஒப்புதல் வாங்கி, பதிவுச் சான்றிலும் ஏற்றியிருந்தார். காகித விஷயத்தில் மனிதர் கெட்டிக்காரர். தச்சு வேலையில்தான் கொஞ்சம் அவசரம். பின்கதவின் உட்புறம் முழுவதையும் ஒரே பிளைவுட் பலகையால் மூடி, அதன்மேல் திரைச்சீலைக் கம்பியையும் முடுக்கி, அதை ஒட்டிப் படுக்கையைப் போட்டுவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருக்கும். கதவுக்குள் இருக்கும் பூட்டுக்கு ஏதாவது ஆனால் உள்ளே கையை நுழைக்க வழியே கிடையாது.

மண்டபம் பக்கம் கடலோரத்தில் தங்கிவிட்டு, ராமநாதபுரம், தேவகோட்டை வழியாகச் செட்டிநாட்டுக்கு வந்திருந்தோம். நகரத்தார் கோவில்கள் ஒன்பதையும் வரிசையாகப் பார்த்துவிட வேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாள் ஆசை. இளையாத்தங்குடி, மாத்தூர், இரணியூர் என்று செம்மண் சாலைகளில் சுற்றினோம். வண்டியில் ஏற இறங்கப் பக்கவாட்டுக் கதவையே பயன்படுத்தியதால் பின்கதவின் நினைவே வரவில்லை. கடற்காற்றில் உப்பைக் குடித்து, பிறகு செம்மண் புழுதியை வாங்கி, மூடியபடியே கிடந்தது. மனைவியின் பூர்வீக வீட்டுப் பின்வாசலில் வண்டியை நிறுத்தி, சமையலுக்காகத் திறக்கப் போனபோதுதான் தெரிந்தது. கைப்பிடி அசைந்தது. ‘டக்’ என்று சத்தமும் கேட்டது. கதவின் மேல் விளிம்பு ஒரு விரல் நுழையும் அளவுக்கு வெளியே வந்தது. கீழ் விளிம்பு மட்டும் அசையவில்லை.

எரிவாயு சிலிண்டர் அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் கவனிக்க வேண்டியது இதைத்தான். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். சிலிண்டர் இருக்கும் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துளை இருந்தால் கீழே இறங்கிப் போய்விடும்; எங்கள் பெட்டியில் அது இருந்தது. ஆனாலும் ரெகுலேட்டரை மூடக் கை எட்டாத நிலையில் அடுப்பைப் பற்றவைப்பது புத்திசாலித்தனம் இல்லை. குழாயில் உள்பக்கம் இருந்த சிறிய வால்வை மூடினோம். பக்கவாட்டுக் கதவையும் ஜன்னல்களையும் திறந்து வைத்தோம். ஒரு துணியில் சோப்பு நுரையை எடுத்துக் கை எட்டிய இணைப்புகளில் தடவிப் பார்த்தோம். குமிழி எதுவும் வரவில்லை. இரவுச் சாப்பாடு, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் வீட்டிலிருந்து இட்லியும் கதம்பச் சட்னியுமாக வந்துவிட்டது. தூக்கம் வீட்டுக்குள், வளவு எனப்படும் உள்முற்றத்தின் தாழ்வாரத்தில். பின்கதவு திறக்காத வண்டியில் படுத்துத் தூங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஏதாவது ஆனால் வெளியேற இருக்கும் வழிகளில் அதுவும் ஒன்று.

காலையில் வெளிச்சம் வந்ததும் வேலையைத் தொடங்கினோம். ஸ்குரூ டிரைவரைத் தொடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில உண்டு. வண்டி சமதளத்தில் நிற்கிறதா என்பது முதல் கேள்வி. ஒரு சக்கரம் மேட்டிலும் மற்றவை பள்ளத்திலும் நின்றால் வண்டியின் உடல் மெல்ல முறுக்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பின்பக்கக் கதவுச் சட்டத்தின் மூலைமட்டம் ஓரிரு மில்லிமீட்டர் கோணிவிடும். பூட்டின் கொக்கி இறுகிக்கொள்ள அதுவே போதும். எங்கள் வண்டியின் பின்சக்கரம் ஒன்று வாய்க்கால் மேல் போட்டிருந்த கல்பலகையில் ஏறி நின்றது. முன்னால் நகர்த்தித் தெருவின் நடுவில் நிறுத்தினோம். செட்டிநாட்டுத் தெருக்களின் அகலம் இதற்கு ஒரு வசதி. இந்த ஊரில் எங்கள் வேன் நடுத்தெருவில் நின்றும் ஒரு டிராக்டர் உரசாமல் கடந்து போயிற்று.

அடுத்தது, உள்ளிருந்து ஏதாவது கதவின்மேல் சாய்ந்திருக்கிறதா என்பது. சாலையில் குலுங்கி நகர்ந்த தண்ணீர்க் கேன், மடக்கு நாற்காலி, அரிசி மூட்டை எதுவானாலும் சரி. இருபது லிட்டர் கேன் என்றால் இருபது கிலோ எடை. அது கதவில் சாய்ந்தால் கொக்கியில் விழும் அழுத்தத்தில் எந்தக் கைப்பிடியும் திணறும். பக்கவாட்டுக் கதவு வழியாக ஏறி, படுக்கைப் பலகையைத் தூக்கிப் பார்த்தோம். எங்கள் கேன்கள் வாரால் கட்டப்பட்டு, இடத்தில் இருந்தன. மூன்றாவது, சென்ட்ரல் லாக். சாவியால் ஒருமுறை பூட்டித் திறந்து, பூட்டு முழுமையாக விடுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். பேட்டரி இறங்கியிருந்தால் மோட்டார் பாதி வழியில் நின்றுவிடும். எங்களுக்கு அதிலும் கோளாறு இல்லை.

அதன்பிறகு கைப்பிடியிடமே கேட்க வேண்டியதுதான். கைப்பிடி என்ன சொல்கிறது என்பதில் பாதி நோய் தெரிந்துவிடும். இழுக்கும்போது எந்த எதிர்ப்பும் இல்லாமல் தொளதொளவென்று வந்தால், கைப்பிடிக்கும் பூட்டுக்கும் இடையே இருக்கும் கம்பி கழன்றிருக்கிறது. கல்லாகி அசையவே மறுத்தால், பூட்டு உள்ளே பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது அழுத்தத்தில் இருக்கிறது. வழக்கமான எதிர்ப்புடன் வந்து, சத்தமும் கேட்டு, அப்படியும் கதவு வராவிட்டால், ஒன்றுக்கு மேற்பட்ட கொக்கிகளில் ஏதோ ஒன்று மட்டும் விடவில்லை என்று பொருள். இரட்டைக் கதவு வேன்களில் பெரும்பாலும் கதவின் நடுவில் ஒரு லிவர் தகடு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி மேலே போய்ச் சட்டத்தின் உச்சியில் இருக்கும் பூட்டை இயக்கும். இன்னொன்று கீழே போய் அடிப்பூட்டை இயக்கும். மெக்கானிக்குகள் இந்தக் கம்பியை ராடு என்பார்கள். எங்கள் கதவின் மேல் விளிம்பு விட்டதும் கீழ் விளிம்பு விடாததும் எதைக் காட்டுகிறது என்பது அப்போதே தெளிவாகிவிட்டது. உறுதி செய்துகொள்ள, மனைவி உள்ளே படுத்து, பலகையில் காதை வைத்துக்கொண்டார். நான் வெளியே கைப்பிடியை இழுத்தேன்.

“மேலே அடிக்கிறது. கீழே ஒரு சத்தமும் இல்லை” என்றார்.

பலகையைக் கழற்றுவதுதான் இந்த வேலையில் அலுப்பான பகுதி. கம்பெனி வண்டியின் பிளாஸ்டிக் பேனல் என்றால் நாலு ஸ்குரூவும் பத்துப் பன்னிரண்டு கிளிப்புகளும்தான். கிளிப்புக்கு மிக அருகில் தட்டையான நெம்புகோலைச் செருகி, ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டும். நடுவில் பிடித்து இழுத்தால் பேனல் வெடிக்கும். பிளைவுட் பலகையில் இந்த வசதியும் இல்லை. படுக்கையின் தலைமாட்டுச் சட்டத்தை முதலில் அவிழ்த்து, பிறகு திரைக் கம்பி, பிறகு கண்ணில் பட்ட ஸ்குரூ எல்லாம் கழற்றியும் பலகை ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டே இருந்தது. அந்த மூலையில் திரைக் கம்பியின் தாங்கிக்கு அடியில், மெழுகுப் பசையால் மூடி வண்ணம் பூசப்பட்டு, ஒரு ஸ்குரூ ஒளிந்திருந்தது. எல்லா ஸ்குரூவும் வந்தும் ஒரு பலகை வரவில்லை என்றால் வலுவைக் கூட்ட வேண்டாம், இன்னும் ஒரு ஸ்குரூ எங்கோ இருக்கிறது.

பலகைக்குப் பின்னால் ஒரு பாலித்தீன் தாள் ஒட்டியிருக்கும். அதைக் கிழித்தெறியாதீர்கள். கண்ணாடி ஓரத்தில் இறங்கும் மழைநீர் வண்டிக்குள் வராமல் கதவின் அடித்துளை வழியாக வெளியேறுவதற்காக வைத்தது அது. ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரித்து மேலே மடித்து வைத்தால் அதே பசையில் திரும்ப ஒட்டிவிடலாம். தாளை விலக்கியதும் கதவுக்குள் கைவிடும் அளவுக்கு ஓட்டைகள் தெரியும். கைவிடுவதற்கு முன் இரண்டு காரியங்கள். எல்லாவற்றையும் போனில் படமெடுங்கள், எந்தக் கம்பி எந்தத் துளையில், வளைவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது தெரியும்படி. ஒரு பழைய துண்டைச் சுருட்டிக் கதவின் அடிவயிற்றில் அடைத்து வையுங்கள். கை தவறிய ஸ்குரூ அதில் விழும். இல்லாவிட்டால் தகரத்துக்கு இடையே போய் உட்கார்ந்து, வண்டி இருக்கும்வரை கலகலத்துக்கொண்டே இருக்கும். கையுறை இல்லாவிட்டால் முழங்கைவரை சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொள்வது நல்லது. உள்தகட்டின் வெட்டு விளிம்புகள் சவரக் கத்திதான்.

டார்ச் வெளிச்சத்தில் பிரச்சினை உடனே தெரிந்தது. நடுத்தகட்டின் கீழ்லிவரில் ஒரு துளை. அந்தத் துளைக்குள் இருக்க வேண்டிய கம்பியின் வளைந்த முனை, லிவருக்குப் பக்கத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய பிளாஸ்டிக் கிளிப்பில் பாதி மட்டும் துளையில் இருந்தது. மற்றப் பாதி, கதவின் அடியில் செம்மண் சேற்றில் ஒரு நகக்கண் அளவு மஞ்சள் துண்டாகக் கிடந்தது.

கம்பியின் முனையைக் கட்டிங் பிளையரால் பிடித்து மேலே இழுத்தேன். வரவில்லை. துருநீக்கும் ஸ்பிரேயின் நீண்ட குழலைக் கீழே விட்டு, அடிப்பூட்டின் அச்சில் படும்படி இரண்டு பக்கத்திலிருந்தும் அடித்தோம். இந்த ஸ்பிரேக்களில் பேர்போன டபிள்யூடி-40 1953-இல் உருவானது. ஈரத்தை வெளியேற்றும் கலவை, நாற்பதாவது முயற்சி என்பதுதான் அந்தப் பெயரின் விரிவு. அடித்த உடனே இழுத்துப் பயனில்லை. துருவின் நுண்ணிய இடுக்குகளில் இறங்க அதற்கு நேரம் வேண்டும். நாங்கள் டீ குடிக்கப் போய்விட்டோம்.

திரும்பி வந்து இழுத்தபோது கம்பி கொஞ்சம் அசைந்தது, ஆனால் விடவில்லை. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங், மூடிய கதவை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அந்தத் தள்ளல் முழுவதையும் தாங்குவது பூட்டின் கொக்கி. கொக்கியைத் திரும்பவிடாமல் பிடித்து நிறுத்துவது ஒரு சிறிய இரும்புப் பல். கதவை வெளியே இழுக்க இழுக்க, கொக்கி அந்தப் பல்லின்மேல் இன்னும் அழுந்தும். பல் நகர்வது இன்னும் கடினமாகும். கதவை உள்ளே தள்ளினால் பல்லின்மேல் இருக்கும் பாரம் நீங்கிவிடும். பிறகு அது லேசாக நகரும். சாவியைத் திருப்ப முடியாத பழைய வீட்டுக் கதவை முழங்காலால் ஓர் அழுத்து அழுத்திக்கொண்டு திருப்புகிறோமே, அதே கணக்குதான்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் கதவின் கீழ்ப்பகுதியில், பூட்டுக்கு நேராக, முதுகைச் சாய்த்து அழுத்தச் சொன்னோம். “ஆச்சி சொல்லட்டும், தள்ளுகிறேன்” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். என் மனைவி ஒன்று, இரண்டு என்று எண்ண, அவர் முதுகால் தள்ள, நான் உள்ளே கம்பியை இழுக்க, கீழிருந்து மந்தமான ஒரு ‘டக்’. அவர் எழுந்து நகர்ந்ததும் கதவு தானாக ஒரு சாண் திறந்துகொண்டது. முதல் காரியமாக சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டரை எடுத்துப்போய்த் தூரத்து வேப்பமர நிழலில் வைத்தோம். அடுத்து மண்ணெண்ணெய் வேலை இருந்தது.

பலர் இந்த இடத்தில் ஒரு புதுக் கிளிப்பை மாட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அப்படிச் செய்தால் சில மாதங்களில் மறுபடியும் இதே பலகையைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பது என் கணிப்பு. இந்த வரிசையில் கைப்பிடி உலோகம், கம்பி உலோகம், லிவர் உலோகம். கிளிப் ஒன்றுதான் பிளாஸ்டிக். எங்கே இறுக்கம் வந்தாலும் உடைவது அதுதான். அது ஏன் உடைந்தது என்பதற்கான பதில் அடிப்பூட்டில் இருந்தது.

பூட்டைப் பிடித்திருந்தவை நட்சத்திரத் தலை ஸ்குரூக்கள். சரியான அளவு பிட்டைச் செருகி, அதன் தலையில் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிய பிறகு திருப்பினால் தலை தேயாமல் வரும். வெளியே எடுத்த பூட்டைக் கையில் வைத்துப் பார்த்தபோது, பழைய கிரீஸும் புழுதியும் கலந்து செங்கல் நிறத்தில் ஒரு பசையாக இறுகியிருந்தது. ஸ்குரூ டிரைவர் நுனியால் பல்லைத் தள்ளினால் போகிறது; விட்டால் திரும்பி வரவில்லை. ஸ்பிரிங்கின் குற்றம் அன்று, அச்சில் துரு. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும், அதனால் வெயில் காயும் நாளிலும் இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம் இருந்துகொண்டே இருக்கும். துருவோ தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். மயிரிழை இடைவெளியில் சுழலும் அச்சு இறுகிப்போக, ஊதினால் பறக்கும் அளவு துருவே போதும். அச்சு இறுக, கைப்பிடியை நாம் இன்னும் கொஞ்சம் பலமாக இழுக்க, கிளிப் விரிசல் விட, ஒருநாள் தெறித்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாட்டில் துருவைப் பற்றி ஆராய்வதற்கென்றே பேர்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டிய இடம். கடற்காற்றில் உலோகம் எப்படி அரிக்கப்படுகிறது என்று பார்ப்பதற்கு அவர்கள் சோதனைத் தகடுகளை வைத்த ஊர்களில் மண்டபமும் ஒன்று. நாங்கள் ஆசையாசையாகப் பின்கதவைக் கடலுக்குக் காட்டி நிறுத்தியிருந்ததும் அங்கேதான்.

ஒரு பழைய எனாமல் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி, பூட்டை அதில் மூழ்கவைத்து, பல் துலக்கும் பிரஷால் தேய்த்தோம். கொக்கியைத் திருப்பித் திருப்பி, அச்சுக்குள் மண்ணெண்ணெய் போய்வரும்படி செய்ய வேண்டும். கிண்ணம் மூன்றாவது முறையும் சிவந்த பிறகே இரும்பின் நிறம் தெரிந்தது. துணியால் துடைத்து வெயிலில் காயவைத்து, பிறகு வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சம். அச்சிலும் கொக்கியின் பல்லிலும் மட்டும். இன்ஜின் ஆயில் விடலாமே என்று டீக்கடைக்காரர் கேட்டார். விடலாம், அன்றைக்கு வெண்ணெய்போல ஓடும். ஆனால் திறந்த இடத்தில் இருக்கும் ஆயில் புழுதியை அழைத்து வந்து குடிவைக்கும், அதுவும் இந்தச் செம்மண் புழுதியை. சாவித் துவாரத்துக்குள் ஆயிலோ கிரீஸோ எதுவுமே ஆகாது. அங்கே கிராபைட் தூள்தான் சரி. ஸ்பிரேயும் இறுகியதை இளக்குவதற்கு உதவுமே தவிர, நாள்பட மசகாக நிற்காது.

கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வெளியேறும் துளைகள் இருக்கும், பெரும்பாலும் ரப்பர் விளிம்புக்குள் மறைந்து. எங்கள் கதவில் இருந்த மூன்றில் இரண்டு அடைபட்டிருந்தன. பெரியவர் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவிக் கொடுத்தார். குத்தியதும் கதவுக்குள்ளிருந்து சிவப்புக் குழம்பு ஒழுகி, அவருடைய சிமெண்டுத் தரையில் ஓடியது. அடிப்பூட்டு அத்தனை நாளும் நின்றுகொண்டிருந்தது இந்தத் தண்ணீருக்குச் சற்று மேலேதான். யார் வண்டியானாலும் மழைக்காலத்துக்கு முன்னால் இந்தத் துளைகளை ஒருமுறை குத்திவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. கதவுத் தகடு அடியிலிருந்து பொத்துப்போவதையும் இது தடுக்கும்.

கிளிப்புக்காக காரைக்குடிக்குப் போக வேண்டியிருந்தது. இதில் கடைக்காரரிடம் ‘டோர் ராடு கிளிப்’ என்று மட்டும் கேட்டால் ஒரு கைப்பிடி அள்ளிப் போடுவார். கம்பியின் தடிமனுக்கு ஓர் அளவு, லிவர் துளைக்கு ஓர் அளவு என்று இரண்டு அளவுகள் உண்டு. தவிரவும், கம்பியை எந்தப் பக்கம் கவ்வுகிறது என்பதைப் பொறுத்து இடது, வலது என்றும் உண்டு. உடைந்த துண்டையும் கழற்றிய படத்தையும் கொண்டுபோனால் அலைச்சல் மிச்சம். விலை ஒரு டீக்குக் கூட வராது; அதனால் மேல் கம்பி, கைப்பிடிக் கம்பி எல்லாவற்றுக்கும் சேர்த்து வாங்கி மாற்றிவிட்டேன், ஒரே நாளில் பிறந்த பிளாஸ்டிக்குகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் சாகும். சில உபரிகள் சாவிக் கொத்தோடு ஒரு சிறு டப்பாவில் இருக்கின்றன. கடை இல்லாத ஊரில் மாட்டிக்கொண்டால், கம்பி முனையை லிவர் துளையில் நுழைத்து, வெளியே நீளும் நுனியில் இறுக்கமான பெட்ரோல் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி, மெல்லிய கட்டுக்கம்பியால் ஒரு சுற்றுச் சுற்றினால் ஊர் போய்ச் சேரலாம்.

திரும்பப் பொருத்தியதும் கதவை ‘படார்’ என்று சாத்திப் பார்க்கக் கை துடிக்கும். அந்தக் கையைக் கட்டிப்போடுங்கள். கதவு திறந்திருக்கும்போதே, ஸ்குரூ டிரைவர் தண்டைக் கொக்கிக்குள் கொடுத்து, மூடிய நிலைக்குத் திருப்புங்கள். இரண்டு ‘கிளிக்’ கேட்கும். முதலாவது அரைப்பூட்டு, இரண்டாவது முழுப்பூட்டு. இப்போது கைப்பிடியை இழுத்தால் கொக்கி பட்டென்று விட வேண்டும். மேல் பூட்டு, கீழ்ப் பூட்டு, சாவி, சென்ட்ரல் லாக், உள்கைப்பிடி என்று ஒவ்வொன்றிலும் பலமுறை செய்துபார்த்து, ஒருமுறையும் தவறவில்லை என்றால்தான் கதவைச் சாத்தலாம். பலகையை மாட்டுவது அதற்கும் பிறகு.

எங்கள் கதவு சாத்தியபோது அடியில் ஒரு உரசல் கேட்டது. கொக்கி போய்க் கவ்வும் வளையத்தை ஸ்டிரைக்கர் என்பார்கள். கீல்கள் தேய்ந்து கதவு தொங்கினால் கொக்கி அதன் நடுவில் இறங்காமல் ஓரத்தில் இடிக்கும். எங்கே இடிக்கிறது என்று பார்க்க, கோலமாவில் ஒரு சொட்டு எண்ணெய் குழைத்து ஸ்டிரைக்கரில் தடவி, மெதுவாகச் சாத்தித் திறந்தோம். மேல்பக்கம் மட்டும் மாவு வழித்துக்கொண்டு போயிருந்தது. ஸ்டிரைக்கரைச் சுற்றிப் பென்சிலால் கோடு வரைந்துவிட்டு போல்ட்டைத் தளர்த்த வேண்டும். கோடு இல்லாமல் தளர்த்தினால் பழைய இடம் எது என்பது கடவுளுக்கே வெளிச்சம். ஒரு மில்லிமீட்டர் போல கீழே தள்ளி முடுக்கியதும் உரசல் நின்றது.

பிளைவுட் பலகையை அப்படியே மாட்ட மனம் வரவில்லை. ஊரிலேயே ஓர் ஆசாரி கிடைத்தார். பர்மா தேக்கில் நிலைக்கதவு இழைத்த பரம்பரையைச் சேர்ந்தவர். எங்கள் பிளைவுட்டைச் சுண்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தது அவருடைய பெருந்தன்மை. நடுத்தகட்டுக்கு நேராகவும் அடிப்பூட்டுக்கு நேராகவும் கை நுழையும் அளவில் இரண்டு சதுரங்களை அறுத்து, கீல் வைத்து, சின்னக் கதவுகளாக்கிக் கொடுத்தார். கீழ்லிவரில் ஒரு நைலான் கயிறு கட்டி, நுனியை அந்தச் சின்னக் கதவுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறோம். கிளிப் உடைந்தாலும் உள்ளிருந்து கயிற்றை இழுத்தால் போதும். கயிற்றைக் கட்டும்போது இறுக்கமாகக் கட்டக் கூடாது. கதவு அதிரும்போது தானாக இழுபட்டுவிடாமல் இரண்டு விரல் தளர்வு வேண்டும்.

ஆசாரி வேலை செய்துகொண்டிருந்தபோது பெரியவர் சாவிக் கொத்துடன் கிளம்பினார். தெருவிலிருந்து தெருவரை நீளும் அந்த வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று எத்தனை கதவுகளோ. சொந்தக்காரர்கள் வருவது கல்யாணத்துக்கும், முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும்தான். ஆனாலும் எல்லா அறைகளையும் முறைவைத்துத் திறந்து மூடுவது அவருடைய வழக்கம். “திறக்காத கதவுதான் தம்பி கெட்டுப்போகும், திறக்கிற கதவு கெடாது” என்று போகிற போக்கில் சொன்னார். அவருக்குப் பிறகு இந்தக் கதவுகளை யார் திறப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. இப்படித் திறக்காமல் போன வீடுகளின் பூட்டுகளும் சாவிகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் எடைக்கு எடை கிடைக்கின்றன. பின்கதவை இப்போது தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரம் ஒருமுறை திறந்து மூடுகிறோம். கடலோரம் போய்வந்தால் நல்ல தண்ணீரில் கதவின் அடி விளிம்பையும் ஸ்டிரைக்கரையும் கழுவி, காயவிட்டு, கிரீஸ் வைக்கிறோம்.

எல்லாமே வீட்டில் செய்யக்கூடிய வேலை இல்லை. பூட்டின் பல் தேய்ந்து வழுக்குகிறது, அரைப்பூட்டிலேயே நிற்கிறது என்றால் பூட்டையே மாற்ற வேண்டும். அதை ராவித் தீட்டிச் சரிசெய்யப் பார்த்தால் ஓடும்போது கதவு திறந்துகொள்ளும். கீல் பொருந்தும் இடத்தில் தகடு கிழிந்திருந்தாலோ, பின்னாலிருந்து இடிபட்டுச் சட்டமே கோணியிருந்தாலோ டிங்கரிங் பட்டறைக்குத்தான் போக வேண்டும். வெல்டிங் வைக்கிறேன் என்று சொன்னால், வண்டிக்குள் இருக்கும் சிலிண்டரையும் மெத்தையையும் பிளைவுட்டையும் இறக்கி, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்ட பிறகே தொடவிட வேண்டும். வேலை முடிந்ததும் அந்த இடத்தில் துருத்தடுப்புப் பூச்சு அடிக்கிறார்களா என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள். மேல் பெயிண்டை மட்டும் அடித்துப் பளபளப்பாக்கித் தருகிற பட்டறைகளும் உண்டு.